நெய்ச்சேறு

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. வாயைத் திறந்தால் கயிறு நழுவும். ஓலைப் பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்துப் போட்ட இறால் அத்தனையும் ஏரிக்கே திரும்பிவிடும். தோணிரேவுக்கு வடக்கே கரையை ஒட்டி நிற்கிற இருபத்தேழு வீட்டுப் பெண்களும் வாயாடிகள் என்று பழவேற்காடு சந்தை வரைக்கும் பேர் வாங்கியவர்கள்தான். ஆனாலும் கழுத்தளவு தண்ணீரில் நாலு மணி நேரம் ஒரு சொல் சொல்லாமல் குந்தியிருப்பார்கள். அடக்கி வைத்ததையெல்லாம் கரையேறியதும் கொட்டித் தீர்ப்பார்கள்.

வலையும் இல்லை, படகும் இல்லை. இரண்டு கைதான். எட்டுப் பேர் தோளோடு தோள் உரசி ஒரே வரிசையாகக் குந்தி, சேற்றைத் தடவிக்கொண்டே முன்னால் நகர வேண்டும். இறால் பின்பக்கமாகத் துள்ளி ஓடுகிற ஜென்மம். ஒருத்தி விரலுக்குத் தப்பினது பக்கத்தில் இருக்கிறவள் கையில் வந்து விழும். தனியாக இறங்குகிறவளுக்குத் தப்பினது தப்பினதுதான். வரிசையில் இடம் இருந்தால் வீட்டில் உலை கொதிக்கும், இல்லாவிட்டால் இல்லை. திரௌபதிக்குப் பதினெட்டு வருஷமாக இடம் இருந்தது, நாகம்மாளுக்கு வலது பக்கத்தில். நாகம்மாள் அவள் புருஷன் கண்ணப்பனின் அக்கா. அந்த வரிசையை நடத்துகிறவளும் அவள்தான்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே கிடைத்தது என்று யார் கேட்டாலும் "தண்ணியில" என்றுதான் சொல்ல வேண்டும். இறால் எடுக்கிற வியாபாரி கேட்டாலும் அதுதான், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் கேட்டாலும் அதுதான். திரௌபதி இந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறியதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் மீறவில்லை என்றுதான் சொல்வாள். அவளுடைய கேடுகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

பேராசிரியர் சிவசங்கர் பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தார். நல்ல மனிதர், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவார். யாரைப் பார்த்தாலும் அம்மா என்பார். கெட்டவனாக இருந்திருந்தால் அந்த வீடுகளுக்கு எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும்.

"இந்தக் கரையில கண்டல் செடி, அதாம்மா அலையாத்தி, நடப்போறோம்," என்றார். "தண்ணி ஏறி இறங்கணும். மண்ணு மெத்துனு இருக்கணும், ஆனா கரைஞ்சு போகக் கூடாது. அப்படி ஒரு இடம் எங்க இருக்கு?"

மற்றப் பெண்கள் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். திரௌபதி நின்றாள். அவளை யாரும் அதுவரை மண்ணைப் பற்றிக் கேட்டதில்லை. ஏரி முழுக்க அவள் உள்ளங்கையில் இருந்தது. எந்தச் சேறு மணல் கலந்தது, எது கிளிஞ்சல் கலந்தது, எது காலை வாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். படித்த மனிதர் ஒருவர் கைகட்டி நின்று அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இறாலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எதற்கு மறைப்பது?

"அதோ அந்த வளைவுல கீது சார். நாங்க நெய்ச்சேறுனு சொல்லுவோம். கைய வெச்சா வயிக்கிக்கினு போவும், ஆனா ஒட்டும். எம்மாம் மழ பேஞ்சாலும் கரையாது. வாங்க, காட்றேன்."

காட்டினாள். அவர் போனைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு வளைவைச் சுற்றி நடந்தார். நடந்த இடமெல்லாம் போனிலிருந்த வரைபடத்தில் கோடாக விழுந்தது. அந்தப் பக்கத்தில் இறால் மிகுதியாகக் கிடைத்த ஒரே வளைவு அது. சேறு நன்றாக இருப்பதால்தான் இறால் இருந்தது. இது அவளுக்கும் தெரியும். ஆனால் மண் வேறு, இறால் வேறு என்று அந்த ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெரிய குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். வலைக்காரர்களின் ஊர் அது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள், அதற்குப் பாடு என்று பேர். கையால் தடவுகிறவர்களுக்குப் பாடு கிடையாது. அவர்களைக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அந்த வளைவில் யாராவது தொழில் செய்கிறார்களா என்று சிவசங்கர் முறையாகத்தான் கேட்டார். ஊர்த் தலைவர் பால்ராஜ் பொய் சொல்லவில்லை.

"அங்க யாருக்கும் பாடு இல்ல சார்," என்றார். கையெழுத்து ஆனது.

செடி நட அந்த எட்டுப் பெண்களையே கூலிக்கு வைத்தார்கள். மார்கழிக் குளிரில் இருபது நாள், முழங்கால் சேற்றில் நின்று, அவர்கள் கையாலேயே நட்டார்கள். நட்டு முடித்ததும் பழையபடி உட்கார்ந்து தடவலாம் என்று நினைத்திருந்தார்கள். செடிக்கு நடுவே இறால் இன்னும் நன்றாகத் தங்கும் என்றுகூட நாகம்மாள் சொன்னாள். அது உண்மையும்கூட.

ஒருநாள் மதியம் சிவசங்கர் கரையில் உட்கார்ந்து திரௌபதியின் தூக்கைத் திறந்து பார்த்தார். கத்திரிக்காய் போட்டுச் சுண்ட வைத்த இறால்.

"இன்னைக்குத் திங்கக்கிழமைம்மா. எங்க வளாகத்துல திங்கக்கிழமை மீன், கறி எதுவும் கிடையாது. கரிப்புகையைக் குறைக்கணும்ல."

"எறா துன்னா பொக வருமா சார்?"

"பிடிக்கிறது, ஐஸ்ல வைக்கிறது, லாரியில வர்றது, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும்மா."

"நான் கையால புடிச்சேன். தலமேல தூக்கிக்கினு வந்தேன்."

அவர் சிரித்துவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். விரலைச் சப்பிக்கொண்டே விளக்கினார். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது, மழை தப்பிப்போகிறது.

"அது தெரியும் சார். ஐப்பசி தண்ணி இப்ப கார்த்திகயிலயும் வர்ல. சித்திரயில ஏரி கூழாட்டம் கொதிக்குது. எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்."

"அதுக்குத்தான் எங்க பல்கலைக்கழகம் ஒரு முடிவு எடுத்திருக்கு. இன்னும் அஞ்சு வருஷத்துல எங்களால ஒரு துளி கரிப்புகைகூடச் சேரக் கூடாது. மாடியெல்லாம் சோலார் போட்டாச்சு. பஸ்ஸெல்லாம் பேட்டரி. பழைய பல்பு ஒண்ணு கிடையாது. அப்படியும் பாதிதாம்மா குறையுது. ஏசி இருக்கு, ஆராய்ச்சிக்கூடம் இருக்கு, நாங்க மாநாட்டுக்கு விமானத்துல போறது இருக்கு. அந்த மிச்சத்தை இந்தச் செடிங்க இழுத்துக்கும்."

திரௌபதி யோசித்துவிட்டு, "அந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்தினா ஆவாதா சார்?" என்றாள்.

"பசங்க உட்கார முடியாதும்மா. அவ்வளவு வெயில்."

உச்சி வெயிலில் ஏழு பெண்கள் குனிந்து செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். குத்திக்காட்டச் சொன்னதல்ல, வாய் தவறிச் சொன்னதும் அல்ல.

நட்டு முடிந்த மூன்றாம் நாள் சவுக்குக் கட்டை இறங்கியது. வளைவைச் சுற்றி முள்கம்பி ஓடியது. 'கரியற்ற வளாகம் நோக்கி' என்று பச்சைப் பலகை ஒன்று நின்றது. அதற்குக் கீழே, உள்ளே நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது. இடம் காட்டிய திரௌபதிக்கு நன்றியாக, சிவசங்கர் அவள் புருஷனுக்குக் காவல் வேலை போட்டுக்கொடுத்தார். கண்ணப்பன் நாலு வருஷத்துக்கு முன் திருக்கை முள் ஏறிக் குதிகால் அழுகினவன். தண்ணீரில் இறங்க முடியாமல் வீட்டில் கிடந்தவன். காக்கித் தொப்பியும் விசிலும் கைக்கு வந்ததும் ஒரு சாண் உயர்ந்துவிட்டான். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்கினான்.

முதல் நாளே நாகம்மாள் வரிசையை அழைத்துக்கொண்டு கம்பியைத் தாண்டினாள்.

"அக்கா, வெளிய வந்துடு."

"யாரடா வெளிய வரச் சொல்ற?"

"கேமரா வெச்சிக்கிறாங்க. கட்ட மேல பாரு. நான் கண்டுக்காம இருந்தா நாளிக்கே என்ன தூக்கிடுவாங்க."

"ஆத்தா பூட்டப்புறம் உன்ன இந்த இடுப்புல வெச்சிக்கினு எறா தடவுனவடா நானு. இதே சேத்துல. உன் வாயில ஒரு கயித்தக் குடுத்துட்டு என் வாயில ஒரு கயித்தக் கடிச்சிக்கினு இருந்தேன்."

"அதெல்லாம் இப்ப ஏங்கா. வந்துடு."

அவள் அசையவில்லை. கண்ணப்பன் கேமராவை ஒருமுறை பார்த்தான், அப்புறம் விசிலை ஊதினான். அக்காவின் முகத்துக்கு நேராக, நிறுத்தாமல் ஊதினான். நாகம்மாள் திரும்பி வரும்போது முள்கம்பி கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைக்காமலே நேரே அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"எடத்த எவடி சொன்னது?"

திரௌபதி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "மண்ணத்தான் கேட்டாரு அண்ணி. எறாவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நான் சொல்லவும் இல்ல."

"வூட்டு சாவியக் குடுத்துட்டு பொட்டிய காட்டலன்றியா?"

"எனக்கு இன்னா தெரியும், வேலி போடுவாங்கனு?"

"உம் புருசனுக்கு வேல குடுத்தான். எங்க புருசனுங்களுக்கு இன்னாடி குடுத்தான்?"

"சத்தியமா நான் கேக்கல அண்ணி. அவரா குடுத்தாரு."

"கேக்காமலே குடுப்பாங்க. வித்தவளுக்குத்தான் குடுப்பாங்க," என்றாள் நாகம்மாள். தெருவே கேட்டது. "இனிமே எங்க வரிசையில குந்தாத. வந்து குந்துனா நாங்க எழுந்து பூடுவோம்."

சொன்னபடியே செய்தார்கள். வரிசை வடக்கே ஒற்றைப்பனை மடுவுக்கு இடம் மாறியது. நெய்ச்சேறு மாதிரி இல்லை, ஆனாலும் வயிறு காயாத இடம். திரௌபதி மறுநாள் பறியோடு அங்கே போய் வரிசையில் தன் பழைய இடத்தில் குந்தினாள். ஏழு பேரும் ஒரு சத்தமில்லாமல் எழுந்து, பத்து முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அவள் பின்னாலேயே போனாள், மறுபடி எழுந்தார்கள். ஏழு பேருடைய வயிற்றுப்பாட்டையும் கெடுக்கிறோம் என்று அவளே வெட்கப்பட்டுத் தள்ளிப் போனாள்.

அதன்பின் இரண்டு வருஷம் தனியாகவே தடவினாள். கையில் படுகிற இறால் துள்ளும், பக்கத்தில் கை இருக்காது, போய்விடும். வரிசை கரையேறும்போது ஒவ்வொருத்தி பறியும் பாதிக்கு மேல் கனத்திருக்கும். அவள் பறியில் குழம்புக்குக் காணாது. கண்ணப்பனின் சம்பளம் அரிசிக்கும் அவன் குதிகால் களிம்புக்கும் சரியாகப் போனது. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் தள்ளி வைக்கப்படும். பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பழக்கம்தானே, தண்ணீரில் செய்ததைக் கரையிலும் செய்தார்கள்.

மூன்றாவது கோடையில் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி வற்றி, கரையோரம் உப்பு பூத்தது. கண்டல் செடிகள் மேலேயிருந்து மஞ்சளடித்துக் காய ஆரம்பித்தன. கண்ணப்பனுக்குத் தூக்கம் போனது.

"செடி செத்துதுன்னா என் வேலயும் பூட்சி. நல்ல தண்ணி ஊத்தினா பொழைக்கும்னு சார் போன்ல சொல்றாரு. நாலு கொடம் கொண்ணாயேன்."

"நீ தூக்கக் கூடாதா?"

"என் கால வெச்சிக்கினு எப்டிமே தூக்கறது? பேஜாரு பண்ணாத, கொண்ணா."

திரௌபதி தூக்கினாள். குடிக்கிற தண்ணீருக்கே வரிசை நிற்கிற ஊரில், தன் பங்கைக் குடம் குடமாகக் கொண்டுபோய், தன் சோற்றைப் பறித்த செடிகளின் அடியில் ஒரு மாசம் ஊற்றினாள். அந்த முள்கம்பிக்குள் போக ஊரிலேயே அவளுக்குத்தான் அனுமதி இருந்தது. குனிந்து ஊற்றும்போது விரலிடுக்கில் இறால் குஞ்சு துள்ளும். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கையை எடுத்துக்கொள்வாள். இவ்வளவு செய்தும் பத்தில் ஒன்பது செடி செத்தது.

செத்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். செடி இல்லையென்றால் வேலி எதற்கு? வேலி போனால் நெய்ச்சேறு திரும்பி வரும். அதை அண்ணியிடம் முதலில் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று, விடிந்ததும் நாகம்மாள் வீட்டுக்குப் போனாள். நாகம்மாள் பழைய சோற்றில் சுட்ட கருவாட்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணி, செடியெல்லாம் பூட்சி. இன்னிக்கி சாரு வர்றாரு, பாத்துட்டு வேலிய எடுத்துடுவாங்க. நாளிக்கே நம்ம போலாம்."

நாகம்மாள் மென்று முடித்தாள். "போவோம்."

"என்னியும் சேத்துக்க அண்ணி. ரெண்டு வருசமா ஒண்டியா தடவறேன். கையி மரத்துப் போச்சு. நடுவுல வேணாம், ஓரத்துல கொடு. கடேசில குந்திக்கிறேன்."

"வேலி பூட்டா நாங்க போவோம்னு சொன்னேன். உன்ன சொல்லல."

"நான் எந்தத் தப்பும்..."

"நீ செத்தா தூக்க வருவோம்," என்றாள் நாகம்மாள், கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே. "சொந்தமாப் பூட்ட, அது செஞ்சிதான் ஆவணும். தண்ணியில உனுக்கு எடம் கெடயாது. இந்த ஜென்மத்துல கெடயாது. போ."

திரௌபதி படி இறங்கினாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதோ என்னவோ.

சிவசங்கர் பத்து மணிக்கு வந்தார். செத்த செடிகளுக்கு நடுவே நின்றபோது அவர் கண் கலங்கியதைத் திரௌபதி பார்த்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீங்க தண்ணி ஊத்தினதைக் கண்ணப்பன் சொன்னாரும்மா. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு."

"அப்ப வேலிய எப்ப சார் எடுப்பீங்க?"

"வேலியா? அதை எடுக்க முடியாதும்மா."

"செடிதான் இல்லியே."

"இந்த இடத்தை இருபது வருஷத்துக்குப் பதிஞ்சாச்சு. நட்ட செடியெல்லாம் எங்க கணக்குல ஏறியாச்சு. போன மாசம் சான்றிதழ்கூடக் குடுத்துட்டாங்க. இப்ப வேலியை எடுத்தா எல்லாம் பொய்னு ஆயிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்த செடிக்குப் பதிலா வேற இடத்துல நட்டுக் காட்டணும், அவ்வளவுதான். அதுக்கு நீங்கதாம்மா உதவணும். உங்களை மாதிரி இந்த ஏரி தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க? இதே மாதிரி சேறு வேற எங்க இருக்கு?"

கண்ணப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான். புது இடம் என்றால் புது வேலி, புது வேலி என்றால் காவல் வேலை. அவனுக்கு அதற்குமேல் தெரியவில்லை.

தண்ணியில என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மண்ணுக்கும் இறாலுக்கும் உள்ள உறவு இந்த முறை அவளுக்கு மறக்கவில்லை. வேலி எப்படி இறங்கும், விசில் எப்படிக் கேட்கும், தனியாகத் தடவினால் கை எப்படி வலிக்கும் என்று எல்லாம் தெரிந்துதான் நின்றாள்.

"வாங்க சார், காட்றேன்," என்றாள்.

ஒற்றைப்பனை மடுவுக்கு அரை மணி நடை. வெயிலில் ஏரி தகடாகக் கிடந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏழு தலைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. நாகம்மாளுக்கு வலது பக்கத்தில் ஒரு காலத்தில் அவளுக்கு இருந்த இடம் இப்போது இல்லை. தோளோடு தோள் சேர்ந்து அது மூடிப்போயிருந்தது. திரௌபதி அதைத்தான் முதலில் பார்த்தாள்.

சிவசங்கர் குனிந்து சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கே," என்றார். அப்புறம் தலைகளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இங்க தொழில் பண்றாங்களாம்மா?"

"இங்க யாருக்கும் பாடு இல்ல சார்," என்றாள் திரௌபதி.

அவர் நிம்மதியாக போனை எடுத்தார். எல்லைக்கு அடையாளமாக நடச் சொல்லிச் சிவப்புத் துணி கட்டிய ஒரு கழியை அவளிடம் கொடுத்தார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நேராக வரிசையை நோக்கி நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது ஏழு பேரும் அவளைப் பார்த்துவிட்டார்கள். கழியைப் பார்த்தார்கள். கரையில் போனோடு நடக்கிற மனிதரைப் பார்த்தார்கள்.

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஏழு பேர் வாயிலும் கயிறு இருந்தது, பறி நெஞ்சில் கனத்துத் தொங்கியது. அன்றைக்கு இறால் நன்றாகக் கிடைத்திருக்கும் போலிருக்கிறது. நாகம்மாளின் தாடை ஆடியது. கண் பிதுங்கியது. தொண்டைக்குள் ஒரு சத்தம் எழும்பி அங்கேயே நின்றது. கையிரண்டும் சேறு. வாயைத் திறந்தால் பறி போய்விடும், பறி போனால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே நின்றாள். மற்ற ஆறு பேரும் அப்படியே நின்றார்கள்.

திரௌபதி அண்ணியின் வலது பக்கத்தில் போய் நின்று, கழியைச் சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் அழுத்தினாள். அது ஆடாமல் நின்றது.